மாத்திரைய யாரு சாமி திங்கச் சொன்னா?

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு என்னைப் பார்க்க வந்த ஒறம்பரைகள், அதாவது சொந்தக்காரர்கள், ஒருவர் பாக்கியில்லாமல் கேட்ட கேள்வி இது. ஆப்பிளையும் ரொட்டியையும் கட்டில் ஓரம் வைத்துவிட்டு, கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, "அந்த மாத்திரைய யாரு சாமி உன்னயத் திங்கச் சொன்னா?" என்பார்கள். யாரும் பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை. எதிர்பார்த்திருந்தாலும் என்னால் சொல்லியிருக்க முடியாது. அப்போது எனக்குப் பேச்சு இல்லை. நாக்கு இருந்தது, தொண்டை இருந்தது, பிறர் பேசுவதெல்லாம் புரிந்தது. சொல் மட்டும் வாய்க்கு வராது. தமிழ் டீச்சருக்கு இப்படி ஒரு கதி.

இப்போது வருகிறது. பேசும்போது கொஞ்சம் தடுமாறும், எழுதும்போது அந்தத் தொல்லை குறைவு. அதனால் எழுதுகிறேன். இந்த மாத்திரையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் தெரிந்துகொள்ளட்டும். ஆனால் என் வயிற்றெரிச்சலும் கூடவே வரும். அதைத் தனியாகப் பிரித்து எடுத்துவிட்டு எழுதச் சொன்னால் என்னால் ஆகாது.

எங்கள் வீடு கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்குக் கேரளப் பக்கம், தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. எங்கள் வீடு என்றால் புருஷன் வீடு. மாமனார் இல்லை. அத்தை, அவர், நான் என்று மூன்றே பேர். கல்யாணமானபோது நான் பக்கத்து ஊர்த் தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்தில் தினக்கூலி டீச்சர். நிரந்தர வேலைக்குக் கேரள அரசின் பி.எஸ்.சி. தேர்வு எழுதிவிட்டு ரேங்க் லிஸ்ட்டுக்குக் காத்திருந்தேன். "உனக்கு வேல உறுதியாகட்டும் புள்ள. கொழந்தயப் பத்தி அப்பறம் யோசிக்கலாம்" என்று சொன்னவர் அவர்தான். நான் கேட்கக்கூட இல்லை. இந்த ஊரில் இப்படியும் ஒரு ஆம்பளையா என்று உருகிப்போனேன். இதை மறைக்க முடியாது. அவர் மேல் எனக்கு அப்படி ஒரு பைத்தியம் இருந்தது.

மாத்திரையை வாங்கும் யோசனையும் அவருடையதுதான். எங்கள் ஊர் மெடிக்கல் ஷாப்காரர் அவருக்குப் பங்காளி முறை. அங்கே வாங்கினால் பொழுது சாய்வதற்குள் அத்தை காதுக்கு வந்துவிடும். அதனால் பொள்ளாச்சிக்குத் தேங்காய் லோடு போகிற நாளில் அவரே வாங்கி, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வருவார்.

"என்னுங்க இது, சாராயம் கடத்தறாப்பல கொண்டாறீங்க?" என்று நான் சிரிப்பேன்.

"செக்போஸ்ட்டுல புடிச்சா உன்ற பேரத்தான் சொல்லுவேன்" என்பார். அதற்கும் சிரித்தேன்.

படுக்கப் போகும் முன் மாத்திரை போட வேண்டும் என்று அவர் போனில்தான் மணி வைத்திருந்தார். மணி அடித்ததும் "போட்டாச்சா?" என்பார். நான் வாயைத் திறந்து நாக்கை நீட்டிக் காட்டுவேன். இதெல்லாம் அந்தக் காலத்து விளையாட்டு.

அந்த மாத்திரை உடம்புக்குள் என்ன செய்கிறது என்று அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. பின்னால் ஆஸ்பத்திரியில் நரம்பியல் டாக்டரம்மா சொல்லித்தான் தெரிந்தது. அதில் இரண்டு ஹார்மோன்கள் இருக்கின்றன. ஒன்று ஈஸ்ட்ரோஜன், இன்னொன்று புரோஜெஸ்டின். நம் உடம்பே சுரக்கும் சரக்கின் மாதிரிதான் இரண்டும். தினமும் வெளியிலிருந்து வந்துகொண்டே இருப்பதால், மாதம் ஒரு முட்டையை அனுப்ப வேண்டிய சூல்பை, வேலை இல்லை என்று சும்மா இருந்துவிடுகிறது. கருப்பை வாயில் இருக்கும் சளி கெட்டிப்பட்டு ஆணின் உயிரணுவை உள்ளே விடாது. கருப்பையின் உட்சுவரும் மெத்தென்று வளராமல் மெலிந்தே இருக்கும். தவறாமல் போட்டால் பிள்ளை தங்குவது மிக அபூர்வம். நிறுத்தினால் கொஞ்ச காலத்திலேயே பழையபடி ஆகிவிடும். மலடாகிவிடும் என்று சொல்கிறார்களே, அது சுத்தப் பொய்.

நல்லதும் செய்தது. மாதவிலக்கின்போது சுருண்டு படுத்துக்கிடப்பவள் நான். அந்த வலி பாதிக்குமேல் போயிற்று. ரத்தப்போக்கு குறைந்து, வெளுத்திருந்த முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது. பல வருஷம் போடுகிறவர்களுக்குச் சூல்பைப் புற்றுநோய், கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் வரும் வாய்ப்புக்கூடக் குறையுமாம். மார்பகப் புற்றுக்கு மட்டும் போடுகிற காலத்தில் வாய்ப்பு லேசாகக் கூடும் என்றும் சொன்னார். பெரிய ஆபத்து வேறு. ஈஸ்ட்ரோஜன் ரத்தத்தைச் சுலபமாக உறையவைக்கும். பெரும்பாலான பெண்களுக்கு ஒன்றும் ஆகாது. கர்ப்பமாக இருக்கும்போது ரத்தம் கட்டும் வாய்ப்பு இதைவிட அதிகமாம். ஆனால் யாருக்கு ஆகும் என்று முன்னாலேயே பார்க்க வேண்டும். ரத்த அழுத்தம் இருக்கிறதா, குடும்பத்தில் யாருக்காவது ரத்தக்கட்டி வந்ததா, புகைப் பழக்கம் உண்டா, கண்ணில் ஒளி தெறிக்கும் ஒற்றைத் தலைவலி உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் தர வேண்டும்.

எனக்கு அந்தத் தலைவலி உண்டு. ஏழாம் வகுப்பிலிருந்து உண்டு. தலை வலிக்கும் முன் கண்ணோரத்தில் ரம்பப் பல் மாதிரி ஒரு கோடு மினுங்கிக்கொண்டு நகரும். அவருக்கும் தெரியும், நெற்றியில் ஈரத்துணி போட்டுவிட்டவரே அவர்தானே. ஆனால் பொள்ளாச்சிக் கடையில் ஒரு ஆம்பளை போய் நின்று மாத்திரை கேட்டால் கடைக்காரர் யாருடைய தலைவலியை விசாரிப்பார்? எடுத்துக் கொடுத்துவிட்டார். ஒரு டாக்டரைப் பார்த்துக் கேட்டுக்கொள்வோம் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

இனி அத்தையின் கதை. அத்தை கெட்டவள் இல்லை. கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டியதும் ஊர்க்காரிகள் வெறும் வாயை மெல்ல ஆரம்பித்தார்கள். அத்தை அவர்களை முறத்தால் விரட்டாத குறை. என்னிடம் வந்து, "பொறக்கும் சாமி, எங்கீமு போயராது" என்று தலையைத் தடவிவிட்டுப் போவாள். அப்புறம் பாலக்காட்டுப் பக்கம் சித்தூரில் ஒரு வைத்தியரிடம் கூட்டிப்போய்க் கஷாயம் வாங்கிவந்தாள். அதிகாலையில் அவளே காய்ச்சி, ஆற்றி, கையில் கொடுத்துக் குடிக்கும்வரை நிற்பாள். காலையில் பிள்ளை பிறக்கக் கஷாயம், படுக்கும்போது பிறக்காமலிருக்க மாத்திரை. என் வயிறு என்ன பாவம் செய்ததோ.

"அத்தைகிட்டச் சொல்லிப்போடலாமுங்க. பாவமா இருக்குது" என்று அவரிடம் எத்தனையோ முறை சொன்னேன்.

"ரேங்க் லிஸ்ட் வரட்டும். நானே சொல்லிக்கறேன். என்ற அம்மாவ எனக்குத் தெரியாதா?" என்பார்.

சித்திரையில் மாரியம்மன் பூச்சாட்டுத் திருவிழா வந்தது. அத்தை எனக்காக மண்சோறு வேண்டியிருந்தாள். இலையோ தட்டோ இல்லாமல், கோயில் தரையில் சோற்றைப் போட்டு, கையால் எடுக்காமல் குனிந்து வாயால் உண்பது அந்த வேண்டுதல். முட்டிவலிக்காரி மண்டியிட்டுக் குனிந்து உண்டு எழுந்தபோது நெற்றியில் சோறும் மண்ணும் ஒட்டியிருந்தது. அவளை வண்டியில் கூட்டிப்போனவர் அவர். பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர். தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டவரும் அவர். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இப்போதாவது சொல்லுவார் என்று நினைத்தேன். "போலாமாம்மா?" என்று வண்டியைக் கிளப்பினார்.

எனக்கும் விரதம் இருந்தது. நோன்பு முடியும்வரை தினமும் பொழுது சாய்ந்து பூசை ஆனபிறகுதான் பச்சைத் தண்ணீரே பல்லில் படலாம். சித்திரை மாதம் எங்கள் பக்கம் அடிக்கும் காற்று அடுப்பு வாயிலிருந்து வருவது போல இருக்கும். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, அந்த விரதத்தையும் இருந்தேன். படுக்கும்போது அந்த மாத்திரையையும் போட்டேன். டாக்டரம்மா பிறகு தலையில் அடித்துக்கொண்டது இதற்குத்தான். உடம்பில் தண்ணீர் வற்றினால் ரத்தம் கெட்டிப்படும். ரத்தம் உறையவைக்கும் மாத்திரையையும் போட்டுக்கொண்டு, தண்ணீரும் குடிக்காமல் வெயிலில் கிடந்தால் என்ன ஆகும்? பிள்ளை வரட்டும் என்று ஒரு காரியம், வரக்கூடாது என்று ஒரு காரியம். இரண்டும் சேர்ந்து என் தலையில் விடிந்தது.

விரதம் முடிவதற்குள்ளேயே தலைவலி தொடங்கிவிட்டது. வழக்கமான வலி என்றால் இருட்டறையில் படுத்தால் தணியும். இது படுத்தால் கூடியது. இருமினால் மண்டை பிளந்தது. அப்புறம் வாந்தி. வாந்தி எடுத்ததைப் பார்த்த அத்தையின் முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டாடா!" என்று மகனைக் கட்டிக்கொண்டு அழுதாள். தயிர்சாதமும் நார்த்தங்காயும் கொண்டுவந்தாள், மாங்காய் நறுக்கி உப்புப் போட்டுக் கொண்டுவந்தாள். நான் எல்லாவற்றையும் வாந்தி எடுத்தேன். எடுக்க எடுக்க அவளுக்குச் சந்தோஷம். நான் அவரைப் பார்க்கிறேன், அவர் என்னைப் பார்க்கிறார். கர்ப்பம் இல்லை என்று அந்த வீட்டில் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். "சித்த பொறுத்துக்க, அப்பறம் டாக்டர்கிட்டப் போலாம்" என்றார். அப்படியே இரண்டு நாள் ஓடிவிட்டது.

மூன்றாம் நாள் காலை அத்தையிடம் தண்ணீர் கேட்டேன். கேட்டதாகத்தான் நினைத்தேன். "சாவி குடுங்கத்தே" என்று என் வாய் சொன்னது. அத்தை சிரித்துக்கொண்டே, "எந்தச் சாவி கண்ணு?" என்றாள். இல்லை, தண்ணீர் என்று சொல்லப் போனேன். மறுபடியும் சாவி. மூன்றாம் தடவை சாவியும் போய்விட்டது. 'சா' என்ற சத்தம் மட்டும் வந்தது. நீட்டிய டம்ளர் என் வலது கையிலிருந்து நழுவி விழுந்தது. அப்புறம்தான் அவருக்குக் கார் ஞாபகம் வந்தது.

பாலக்காட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் காஷுவாலிட்டியில் என்னைப் படுக்கவைத்தார்கள். ஒரு பக்கம் அத்தை, ஒரு பக்கம் அவர். இளவயது டாக்டர் ஒருவர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "மருந்து எந்தெங்கிலும் கழிக்குன்னுண்டோ? ஏதாவது மாத்திரை சாப்பிடறாங்களா?"

அத்தை முந்திக்கொண்டாள். "கஷாயம் குடிக்குதுங்க. கொழந்தைக்கு. மாசமா இருக்குதோன்னு சந்தேகமுங்க."

டாக்டர் சிஸ்டரிடம் ஏதோ சொன்னார். சோதித்துவிட்டுக் கர்ப்பம் இல்லை என்றார்கள். அத்தையின் கை என் காலிலிருந்து நழுவியது. டாக்டர் மறுபடியும், இந்த முறை அவர் முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிதானமாகக் கேட்டார்: "கர்ப்பம் தடுக்கிற மாத்திரை ஏதாவது?"

"என்னங் டாக்டர், கொழந்தைக்குத் தவங் கெடக்கறோம், இப்பிடிக் கேக்கறீங்க!" என்று அத்தை பொங்கினாள்.

டாக்டர் அவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நானும்தான். சொல்லுங்க, சொல்லுங்க என்று உள்ளுக்குள் கத்துகிறேன். வெளியே 'ஆ, ஆ' என்று ஒரு சத்தம். அவர் என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

"இல்லீங்க டாக்டர். அப்பிடி ஒண்ணும் இல்லீங்க" என்றார்.

தினமும் "போட்டாச்சா?" என்று கேட்ட அதே வாய். அந்த நிமிஷம் எனக்குத் தலைவலிகூட மறந்துபோயிற்று.

அவர் இல்லை என்று சொன்னதை நம்பி வைத்தியம் நடந்தது. தலையை ஸ்கேன் எடுத்தார்கள், அதில் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. மூளையில் கிருமி தாக்கியிருக்கலாம் என்று முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துச் சோதித்தார்கள். முழங்காலை நெஞ்சோடு மடக்கி, இறால் போலச் சுருண்டு படுக்க வேண்டும். அத்தைதான் என் தலையைப் பிடித்துக்கொண்டு, "ஆச்சு சாமி, ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சோதனையில் கிருமியும் இல்லை. மறுநாள் எனக்கு வலிப்பு வந்தது. அது எனக்கு நினைவில்லை, அம்மா சொல்லித்தான் தெரியும். அதற்குள் வேலந்தாவளத்திலிருந்து என் அம்மா வந்து சேர்ந்திருந்தாள்.

வலிப்புக்குப் பிறகு நரம்பியல் டாக்டரம்மா வந்தார். காந்த ஸ்கேனில், மூளையிலிருந்து ரத்தம் திரும்பும் குழாய்களைத் தனியாகப் பார்க்கும் ஒரு படத்தையும் எடுக்கச் சொன்னார். அதில் அகப்பட்டது. நாங்கள் தோட்டக்காரர்கள், எங்களுக்குப் புரிகிற மாதிரியே நான் சொல்கிறேன். மூளைக்குள் ரத்தம் பாய வாய்க்கால் உண்டு, பாய்ந்த ரத்தம் வடிந்து வெளியேறவும் வாய்க்கால் உண்டு. என் இடது பக்கத்து வடிகாலில் ரத்தம் கட்டியாகி அடைத்துக்கொண்டது. வடியாமல் தேங்கி, அந்தப் பக்கம் ஊறிப்போயிற்று. பேச்சுக்கான இடம் பெரும்பாலானவர்களுக்கு இடது பக்கத்தில்தான் இருக்கிறது.

படத்தைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா எல்லோரையும் வெளியே அனுப்பினார். கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து இடது கையைப் பிடித்துக்கொண்டார். மலையாளமும் தமிழும் கலந்த பேச்சு அவருடையது.

"பேடிக்கண்டா மோளே, பயப்படாதே. உனக்குப் பேச வராது, தெரியும். ஆமான்னா கையை அமுக்கு. இல்லைன்னா சும்மா இரு. மனசிலாச்சா?"

அமுக்கினேன்.

"கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிட்டியா?"

டாக்டரம்மாவின் விரல் நொறுங்கும்படி அமுக்கினேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. டாக்டரம்மா என் கண்ணைத் துடைத்துவிட்டார். "இது முதல் நாளே தெரிஞ்சிருந்தா இந்தப் படத்தைத்தான் ஆத்யம் எடுத்திருப்போம்" என்று மெல்லச் சொன்னார். பிறகு, "உன் ஹஸ்பண்டுகிட்ட மட்டும் சொல்லட்டா?" என்று கேட்டார். அதற்கும் அமுக்கினேன். அவருக்குத் தெரிந்ததுதானே, டாக்டரே சொன்னபிறகு ஆமாம் என்று சொல்லித்தானே ஆக வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவு கெட்டிக்காரி நான்.

அன்று சாயங்காலம் அத்தை ரசஞ்சாதம் கரைத்துக் கொண்டுவந்தாள். வழக்கமாகக் கட்டிலில் உட்கார்ந்து ஊட்டிவிடுவாள். அன்றைக்குக் கிண்ணத்தை என் அம்மா கையில் கொடுத்துவிட்டுச் சுவரோரமாக நின்றாள். போகும்போது வாசலில் நின்று திரும்பினாள்.

"என்ற பையன் கிட்டயாச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே சாமி. அவனுக்குந் தெரியாம எப்பிடி உனக்கு மனசு வந்துச்சு?"

எனக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்தபோது, கட்டிலின் கம்பியைப் பிடித்து எழுந்து உட்கார்ந்து, வாயைத் திறந்து என்னென்னவோ சத்தம் போட்டேன். அம்மா என் தோளை அமுக்கிப் படுக்கவைத்தாள். "விடு கண்ணு. மாப்ளைக்குத் தெரியாமச் செஞ்சது தப்புத்தான். இருந்தாலும் அவிய மன்னிச்சுட்டாங்க" என்றாள். மன்னித்துவிட்டாராம்! என் அம்மா, என்னைப் பெற்றவள், அவர் சொன்னதை நம்பினாள். நான் பேச முடியாமல் கிடக்கிறேன், அவர் என் வாய்க்கும் சேர்த்துப் பேசிவிட்டார்.

அதற்காக அவர் என்னைக் கவனிக்கவில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பில்லை எல்லாம் முகம் சுளிக்காமல் கட்டினார். பெட்பேன் எடுத்தார். தலை வாரிவிட்டார். ரத்தம் உறையாமலிருக்க என் அடிவயிற்றில் தினமும் ஊசி போட்டார்கள், போட்ட இடமெல்லாம் நாவல்பழ நிறத்தில் கன்றியது. ஒவ்வொரு முறையும் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிஸ்டர்கள் எல்லாம், "சேச்சிக்கு நல்ல பர்த்தாவு" என்று என்னிடமே சொல்லிப் பூரித்தார்கள். நல்ல புருஷன்தான். அம்மா எதிரில் ஒரு வார்த்தை சொல்வதைத் தவிர வேறு எதையும் எனக்காகச் செய்வார்.

யாரும் இல்லாத நேரம் பார்த்துக் காதருகே குனிந்து சொல்வார்: "இப்பச் சொன்னா அம்மா தாங்காது புள்ள. மண்சோறெல்லாம் தின்னுபோட்டு நிக்குது. நீ நல்லாயிரு, பொறகு பார்த்துக்கலாம்." முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அது ஒன்றுதான் அப்போது என்னால் முடிந்தது.

ஊசிக்குப் பிறகு மாத்திரைக்கு மாற்றினார்கள். இது வேறு மாத்திரை, ரத்தத்தை நீர்க்க வைப்பது. ரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று அடிக்கடி சோதித்து அளவை மாற்றுவார்கள். கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது, கீரையில் இருக்கும் சத்து இந்த மாத்திரையோடு மல்லுக்கட்டும்.

பேச்சுப் பயிற்சியும் தொடங்கியது. படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்வார் ஒரு பெண். குடை, ஆடு, செருப்பு. பிள்ளைகளுக்கு நான் காட்டிய அதே மாதிரிப் படங்கள். ஆட்டைப் பார்த்து 'கதவு' என்பேன். தப்பு என்று எனக்கே தெரியும், அதுதான் கொடுமை. ஒருநாள் அந்தப் பெண், "சரி, உங்க அம்மா பேரு?" என்றார். சொன்னேன். "ஊர்?" சொன்னேன். "வீட்டுக்காரர் பேரு?"

அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் பக்கம் மாமியார் காதில் விழும்படி புருஷன் பெயரைச் சொல்வது வழக்கமில்லை. ஏனுங்க, அவிய என்று கூப்பிட்டே காலம் போய்விடும். கல்யாணமான நாள் முதல் அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. பேசாமல் இருந்தேன். அந்தப் பெண் தாளில் தவறு என்று குறித்துக்கொண்டார். அத்தை சங்கடமாகச் சிரித்து, "தெரியாமயில்லீங்க, சொல்ல மாட்டா" என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். வரவில்லை. வழக்கமாவது ஒன்றாவது, எனக்கு நிஜமாகவே வரவில்லை. நீளமான பெயர் வேறு. அன்றிலிருந்து தினமும் குளிக்கும்போது அதையே சொன்னேன். குடையும் ஆடும் செருப்பும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. வாக்கியம் வந்தது. குழாய்ச் சத்தத்துக்குள் அந்தப் பெயரும் வந்தது. ஒறம்பரைகள் வந்து, "யாரு சாமி திங்கச் சொன்னா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு முறையும் அவர் வெளியே போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். ஒருநாள் அவரிடம் திக்கித் திக்கி, "அத்தைகிட்ட... எப்பச் சொல்லுவீங்க?" என்று கேட்டேன்.

"இனி எதுக்குப் புள்ள? எல்லாம் அடங்கிப்போச்சு. நீயா வாங்கினதாவே இருக்கட்டும். அதுனால இப்ப என்ன கொறஞ்சு போச்சு?" என்றார்.

என்ன குறைந்துபோயிற்று என்று சொல்ல என்னிடம் அப்போது அவ்வளவு வார்த்தை இல்லை.

பிறகு டாக்டரம்மாவிடம் மறுபரிசோதனைக்குப் போனோம். மூன்று பேருமே உள்ளே போய் உட்கார்ந்தோம். புதிய படத்தில் வடிகால் பெருமளவு திறந்துவிட்டது என்றார். அத்தை கையெடுத்துக் கும்பிட்டாள். டாக்டரம்மா அவரைப் பார்த்துச் சொன்னார்:

"ஒரு முக்கியமான காரியம். இந்த மருந்து சாப்பிடற வரைக்கும் கர்ப்பம் ஆகக் கூடாது, குழந்தைக்கு ஊனம் வரலாம். அதுக்காகப் பழைய மாத்திரை இவளுக்கு இனி ஜென்மத்துக்கும் கூடாது. ஈஸ்ட்ரோஜன் இல்லாத வழி இருக்கு. காப்பர்-டி இருக்கு, ஆனா இந்த மருந்தோட சேர்ந்தா ரத்தப்போக்கு கூடும். புரோஜெஸ்டின் மட்டும் உள்ள வளையம் கருப்பைக்குள்ள வைக்கலாம், அது போக்கைக் குறைக்கும். கைனகாலஜி டாக்டரைப் பார்த்து ரெண்டு பேரும் சேர்ந்து தீருமானிக்கணும். கால் வீங்கி வலிச்சா, மூச்சு முட்டினா, நெஞ்சு வலிச்சா, மறுபடி இப்படித் தலைவலியோ கண் மங்கலோ வந்தா, ஒரு நாள்கூட வீட்டில வெச்சிருக்கக் கூடாது." பிறகு என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "கேட்டியா மோளே? போன தடவை மாதிரி ஹஸ்பண்டுக்குத் தெரியாம ஒண்ணும் சாப்பிடக் கூடாது."

அத்தை தலையை ஆட்டினாள். அவரும் ஆட்டினார். கூட ஆட்டினாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"டாக்டர்" என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். "மாத்திரை... நான் வாங்கலை. பொள்ளாச்சியில... வாங்கிட்டு வந்தது... தினமும் போட்டாச்சான்னு கேட்டது..."

அவர் என் முழங்கையைப் பிடித்தார். "சரி புள்ள, டாக்டருக்கு நேரமாகுது" என்றார். கையை உதறினேன். குளியலறையில் வந்த பெயர் அங்கே வரவில்லை. முதல் எழுத்திலேயே நாக்கு நின்றது. டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை.

"ஜெ... ஜெக... ஜெகதீஸ்வரன்" என்றேன்.

பிறர் காதில் விழும்படி ஆயுசில் முதல் தடவை. அதுவும் அத்தை எதிரில்.

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆரு ஜெகதீஸ்வரன்?" என்று கேட்டார்.

அவர் ஸ்கேன் படத்தை எடுத்து உறைக்குள் போட ஆரம்பித்தார். அத்தை அவரைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கை தன் நெற்றிக்குப் போய், அங்கே ஏதோ ஒட்டியிருப்பதைப் போலத் துடைத்தது. பிறகு டாக்டரம்மா பக்கம் திரும்பினாள்.

"என்ற பையனுங்க" என்றாள்.